உயிரின் தகுதியை நிறுப்பார் யார்?

ஒரு மருந்து உண்டு. அது பத்துப் பேருக்கே போதியது. அதனை வேண்டி நிற்பவரோ நூற்றுவர். அந்நூற்றுவருள் எப்பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தல் நீதியாகும்? இது தருக்கம் பயில்வார் பொழுதுபோக்குக்காக எழுப்பிய வினா அன்று. 1962ஆம் ஆண்டு தொடங்கிச் சில வருடகாலம், அமெரிக்க தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகரத்திலே, ஏழு பேர் ஒன்றுகூடியிருந்து இவ்வினாவுக்கு மெய்யாகவே விடை கூறி வந்தனர். அவர் கூறிய விடையின்படி சிலர் பிழைத்தனர், மற்றையோர் இறந்தனர். அவ்வரலாற்றை நம் சைவ பாடசாலை உபாத்தியாயர்கள் அறிந்து சிந்தித்தல் நன்று என்பது எம் கருத்து. பிள்ளைகளுள் இவனைக் கொள்வோம், இவனை விடுவோம் என்று துணியும் தொழில் உபாத்தியாயர்க்கு நாடோறும் நேர்வதன்றோ?

முதற்கண் நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுதும். நம்மவர் பேச்சிற் குண்டிக்காய் என்றும் நூல்வழக்கிற் சிறுநீரகம் என்றும் வழங்கப்படும் உறுப்புக்கள் முதுகெலும்பின் இருமருங்கும் ஒவ்வொன்றாக அமைந்தன. கைம்முட்டி அளவினவாகிய இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரைக் குருதியினின்றும் வடித்தெடுத்து, உடலுக்கு வேண்டுவனவற்றை மீளக் குருதியிற் சேர்த்து, எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மாத்திரம் கழிவாகப் புறத்தே விடுகின்றன. ஒன்று கெடினும் மற்றொன்றால் மனிதன் வாழ்வான். இரண்டும் முற்றாகச் செயலற்றவிடத்து நஞ்சு உடம்பிலே தேங்கும். சில நாட்களில் அல்லது சில வாரங்களில் உயிர் நீங்கும். பண்டைக்காலத்து வைத்தியர் எவரும் இதற்கு மாற்றுக் கண்டிலர்.

மாற்றுக் கண்டவர் வில்லெம் கொல்ப் என்னும் ஒல்லாந்து தேசத்து வைத்தியர். 1943ஆம் ஆண்டிலே, அத்தேசம் ஜெர்மானியப் படைகளின் கைப்பட்டுப் பொருளொன்றும் எளிதிற் கிடையாத நாளிலே, கம்பென் என்னும் சிறு நகரத்து வைத்தியசாலையில் அவர் ஓர் யந்திரம் அமைத்தார். இறைச்சிப் பண்டத்துக்கு உறையாகும் செலொபேன் குழாயை ஓர் உருளையிற் சுற்றி, உப்புநீர்த் தொட்டியிலே அவ்வுருளையைச் சுழற்றி, குழாயினுள் நோயாளனது குருதியைச் செலுத்தினார். குருதியிலுள்ள நஞ்சு குழாயின் நுண்டுளைகள் வழியே நீரிற் கலந்தொழிந்தது. முதலில் வந்த நோயாளர் ஏறக்குறைய எல்லாரும் இறந்தனர். 1945ஆம் ஆண்டிலேதான் ஒருத்தி பிழைத்தாள். அவள் 67 வயதினள், பகைவரோடு உறவாடினாள் என்று சிறை வைக்கப்பட்டிருந்தவள், ஊரவரால் வெறுக்கப்பட்டவள். அவள் இறந்தால் நன்று என்று எண்ணியவர் அந்நகரத்துப் பலர். கொல்ப் அவளது குற்றத்தை ஆராயப் புகுந்திலர். நினைவிழந்து கிடந்தாள், யந்திரத்திற் சேர்த்தார், கண் விழித்தாள், மேலும் சில ஆண்டு வாழ்ந்து வேறொரு நோயால் இறந்தாள். சிறுநீரக யந்திரம் முதன்முதற் காத்த உயிர் இத்தன்மையது என்பதனை நண்பர்கள் மனத்திற் கொள்க.

எனினும் அந்த யந்திரம் சின்னாட்களுக்கே உதவும். ஒவ்வொரு முறையும் நாடியையும் நாளத்தையும் அறுத்துக் குழாய் செருக வேண்டியிருந்தமையால், சில தடவைகளின்பின் அறுத்தற்கு இடமில்லாது போம். ஆகவே, தானே தேறத்தக்க சடுதி நோய்க்கு அஃது உதவியதன்றி, மீளாது கெட்ட சிறுநீரகத்துக்கு உதவவில்லை. இத்தடையை 1960ஆம் ஆண்டிற் சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர் நீக்கினார். ரெப்லோன் என்னும் வழுவழுப்பான பொருளாற் செய்த குழாயொன்றைக் கையிலே நிலையாகப் பொருத்தி, வேண்டும்போது யந்திரத்தோடு இணைக்கவும், வேண்டாதபோது வளையமாக மூடிவிடவும் வழி கண்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் குழாய் பொருத்தப்பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் யந்திரத் தொழிலாளர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். அதுகாறும் மரணமென்று துணியப்பட்ட நோய் ஒரே நாளில் வாழத்தக்க நோயாயிற்று.

இங்கேதான் நம் வினா பிறக்கின்றது. மருந்தில்லாத காலத்து எவரையும் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை; சாவு எல்லார்க்கும் ஒப்ப வந்தது. மருந்து தோன்றியதும், அது சிறிதாகத் தோன்றியமையால், தெரிவும் உடன்றோன்றியது. 1962ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே திறக்கப்பட்ட சியாற்றில் நிலையத்திற் படுக்கைகள் மிகச் சில. செலவோ மிகப் பெரிது. வைத்தியர்கள் முதலில் ஒரு சல்லடை இட்டனர்: 45 வயதுக்கு மேற்பட்டோரும் சிறு பிள்ளைகளும் விலக்கப்பட்டனர். அச்சல்லடையைக் கடந்து வந்தவருள்ளும் இடம் பெறுவோர் சிலரே ஆதலின், அச்சிலரைத் தெரியும் பொறுப்பை ஊரவராகிய எழுவரிடம் ஒப்புவித்தனர். ஒரு சட்டத்தரணி, ஒரு கிறித்தவ குரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க உத்தியோகத்தர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரவைத்தியர் என்போர் அவ்வெழுவர். சம்பளமில்லை, அவர் பெயர்களும் வெளியிடப்படவில்லை.

அவர்கள் எதனைக் கொண்டு நிறுத்தனர்? வயது, விவாகம், பிள்ளைகளின் தொகை, வருமானம், சொத்து, கல்வி, தொழில், மனவுறுதி, முன் செய்த நற்காரியம், இனிச் செய்யக்கூடியது என இவ்வாறு பலவற்றையும் எடுத்துக்கொண்டனர். தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்வானா என்பதும் பேசப்பட்டது. தந்தையை இழக்கும் குடும்பம் இரண்டாயின், எக்குடும்பத்துக் கைம்பெண் மறுமணஞ் செய்ய வாய்ப்புடையள் என்பதும் ஆராயப்பட்டது. பிள்ளைகள் குறைந்தவளை எளிதில் ஒருவன் மணப்பான், ஆதலின் அவளது கணவன் இறத்தல் தாங்கத்தக்கது என்பது அவ்வாராய்ச்சியின் போக்கு! அவருள் ஒருவருக்கே ஓர் ஐயம் எழுந்தது: சிக்கனமாக வாழ்ந்து குடும்பத்துக்குப் பொருள் சேர்த்து வைத்தவன் இறப்பின் ஊருக்குச் சுமையில்லை, யாதும் சேர்க்காதவன் இறப்பின் ஊர் அவன் மக்களைச் சுமக்கும், ஆகவே முன்யோசனையுடையவனையே நாம் சாகவிடுகின்றோம் போலும் என்று. இக்கூட்டத்தின் வரலாற்றை 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து லைப் பத்திரிகையிலே சானா அலெக்சாண்டர் என்னும் பெண்மணி எழுதி வெளியிட, உலகம் திடுக்கிட்டது.

அவ்வெழுவர் தீயவரல்லர். அதனை அழுத்திக் கூறுகின்றோம். பிறர் ஏற்க அஞ்சிய சுமையை ஊதியமின்றி ஏற்றவர்கள் அவர்கள். குற்றம் அவர் நெஞ்சில் இல்லை. கையிலிருந்த துலாக்கோலில் உள்ளது. தராசிலே பொன்னை நிறுக்கலாம், நெல்லை நிறுக்கலாம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனது வாழ்வின் பெறுமதியை நிறுக்கப் புகின், தன்னையே படிக்கல்லாக இட்டு நிறுக்கின்றான். தன்னைப்போல உடுப்பவன், தன்னைப்போல வழிபடுபவன், தன்னைப்போல வீடு வாங்கினவன் கனத்துத் தோன்றுவான்; வேறுபட்டவன் இலேசாவான். 1968ஆம் ஆண்டிலே இக்கூட்டத்தைக் கண்டித்தெழுதிய சட்ட அறிஞர் இருவர் காட்டிய உதாரணம் இதுவே: ஊரவரோடு ஒட்டாது குளக்கரையிற் குடிசை கட்டித் தனித்திருந்து எழுதிய தோரோ என்னும் அமெரிக்க ஞானிக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பின், அந்நகரத்தில் அவருக்கு இடம் கிடைத்திராது.

நமக்கு உதாரணம் கடல் கடந்து தேட வேண்டுவதில்லை. திருக்காளத்தியிலே சிவகோசரியார் ஆகமவிதி வழுவாது பூசை செய்த நல்லந்தணர். சந்நிதியிலே இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு, இது செய்தவன் மகா பாதகன் என்று வருந்தினார். அவர் அறிந்த அளவுகோலின்படி அவ்வெண்ணம் பிழையுமன்று. திண்ணனாரது உள்ளத்தை அறிந்தவன் ஒருவன் உளன். அவன் சிவகோசரியாரை மறைந்து நிற்கச் செய்து காட்டியபின்பே அவரும் அறிந்தார். கல்வி: இல்லை, தொழில்: வேட்டை, ஊரவர்க்குச் செய்த உபகாரம்: யாதுமில்லை, ஆசாரம்: சொல்லத் தகாதது. இவ்வாறு ஒரு விண்ணப்பம் அவ்வெழுவர் முன் வந்திருப்பின் என்ன தீர்ப்புக் கிடைத்திருக்கும்? ஆன்மாக்களுக்குப் பக்குவபேதம் உண்டென்பது நம் சித்தாந்தம். ஆயின் அப்பேதத்தை அறிந்து அருளுதல் முற்றறிவுடைய இறைவன் செயல் என்பதும் அதே சித்தாந்தமே. முதலாவதை மாத்திரம் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறப்பவர், இறைவனது ஆசனத்தில் ஏறி அமர முயல்வாராவர். சியாற்றிற் கூட்டத்துக்கு அந்நாட்டவரே பின்னர் இட்ட பரிகாசப் பெயர் 'தெய்வக் குழு' என்பது.

அற்றன்று, படுக்கை சிலவே உளவெனின் எங்ஙனமேனும் தெரிந்தெடுத்தே தீரவேண்டும், நிறுக்காது விடின் வேறு யாது செய்வது எனின், கூறுதும். இவ்விடயம் பற்றி அந்நாட்டு அறிஞருள்ளே பெரும் வாதம் நிகழ்ந்தது. நிக்கலஸ் றெஷர் என்பார் 1969இல், முதலிற் பயனை நோக்கிச் சிலரைப் பிரித்தெடுத்து, இறுதித் தெரிவைத் திருவுளச்சீட்டுக்கு விடலாம் என்றார். ஜேம்ஸ் சில்ட்றெஸ் என்பார் 1970இல், பயன் நோக்குதலே தகாது, மருத்துவத்தாற் பயன்பெறத் தக்கவர் யாவரையும் ஒப்ப வைத்துச் சீட்டாலேனும் முன்வந்தவர் முறையாலேனும் தெரிக என்றார். சீட்டு என்றவுடன் நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். உயிரைச் சூதாடுவதோ என்பர். உத்தரமேரூரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன, சபைக்கு ஆட்களைத் தெரியும் முறையை விரித்துக் கூறுகின்றன: தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு எடுப்பித்தனர். அஃது ஊராட்சிக்கு, இஃது உயிருக்கு. வேற்றுமை பெரிதே. எனினும் எழுத்தறியாத பிள்ளையின் கை எவர் பக்கமும் சாயாது என்பதே இரண்டிடத்தும் கருத்து. சீட்டு எடுப்பவன், 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொள்கின்றான். நிறுப்பவனோ தெரியாததைத் தெரியுமென்கின்றான். இவ்விரண்டனுள் முன்னையதே எமக்கு நேர்மையெனப் படுகின்றது. மருத்துவத்தால் ஒருவன் பிழைப்பானா மாட்டானா என்பது வைத்தியர் அறியத்தக்கது. அவ்வளவில் அவர் ஆராய்தல் தகும். அதற்கு மேற்செல்லலாகாது.

இனி, நோயாளன் தன் பிராரத்தத்தை நுகர்கின்றான், அதனை யந்திரம் கொண்டு தடுத்தல் எற்றுக்கு என்று வினாவுவாரும் நம்முள் இல்லாமலில்லை. பசியும் பிராரத்தமே; அன்னசத்திரத்தை மூடிவிடுவோமா? ஒருவனது வினை இத்துணையளவிலே முடிவதென்று அறிந்தவர் யார்? மருந்து கிடைப்பதும் அவன் வினைப்பயனாகலாமன்றோ? வினைக்கொள்கை தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்கு உதவுவது. பிறனுக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதற்கு அன்று. இதனை மேலும் விரித்தல் வேண்டா.

சியாற்றில் வரலாற்றுக்கு மீள்வோம். 1964ஆம் ஆண்டிலே பள்ளியிற் பயிலும் ஒரு சிறுமிக்குச் சிறுநீரகம் கெட்டது. பிள்ளைகள் விலக்கப்பட்டவர் ஆதலின் அவளுக்கு இடமில்லை என்பது முடிபு. அச்சிறுமியின் தந்தையாருக்கு நண்பராயிருந்தவர் அல்பேர்ட் பாப் என்னும் பொறியியற் பேராசிரியர். இடமில்லை என்ற சொல்லை அவர் முடிந்த சொல்லாகக் கொண்டிலர். தம் கூட்டத்தாரோடு இரவு பகலாக உழைத்துச் சில மாதங்களுள்ளே, வீட்டிலே வைத்து வீட்டாரே இயக்கத்தக்க யந்திரமொன்றை ஆக்கினர். அப்பிள்ளை தன் வீட்டிலே சிகிச்சை பெற்றுச் சில ஆண்டு வாழ்ந்தாள். அதன்பின் வீடுகளிலே யந்திரம் வைக்கும் வழக்கம் பரவ, நிலையத்திற் படுக்கை இல்லை என்ற நெருக்கடியும் ஓரளவு தளர்ந்தது. எழுவரும் கூடியிருந்து தராசை எத்துணை நுட்பமாகத் திருத்தியிருப்பினும் இப்பயன் விளைந்திராது. 'இருவருள் யார்' என்று கேட்டவர்க்கு ஒருவன் கிடைத்தான். 'இருவர்க்கும் எப்படி' என்று கேட்டவர்க்கு யந்திரம் கிடைத்தது.

பின்னர் 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்நாட்டரசு, சிறுநீரகம் முற்றாகக் கெட்டவர் ஏறக்குறைய எல்லார்க்கும் பொதுப் பணத்தினின்றும் சிகிச்சைச் செலவளிக்கச் சட்டம் இயற்றியது. வேறெந்த நோய்க்கும் அவ்வாறு செய்திலர். இன்று அங்கே யந்திரத்தால் வாழ்பவர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

யந்திரத்தைப் பெருக்கலாம், உறுப்பைப் பெருக்கலாகாது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் தேதி பொஸ்ரன் நகரத்திலே, ஒருகருவிலே பிறந்த இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தினார் ஜோசப் மறே என்னும் சத்திரவைத்தியர். பெற்றவர் எட்டாண்டு வாழ்ந்தார். அன்றுமுதல் மாற்றுச் சிகிச்சை வளர்ந்துவிட்டது. ஆயின் அமெரிக்காவில் மாத்திரம் பெயர் பதிந்து காத்திருப்போர் ஏறக்குறைய 90,000 பேர். அங்கே இன்று யாரை முற்படுத்துகின்றனர்? காத்திருந்த காலம், குருதியினப் பொருத்தம், முன்னொருகால் தன் சிறுநீரகமொன்றைப் பிறர்க்கு ஈந்தவரா என்பன கணக்கிற் கொள்ளப்படுகின்றன. பிள்ளைகட்கு முதன்மை உண்டு; 1962இல் விலக்கப்பட்டவர் அவரே! தேவாலயமும் சொத்தும் அக்கணக்கில் இல.

பொருள் குறைந்த நாடுகளிலோ யந்திரமே இன்னும் பற்றாக்குறையாயுள்ளது. தென்னாபிரிக்காவில் டேர்பன் நகரத்தில் வாழ்ந்த தியாகராஜ் சூப்ரமணி என்பவர், பெயரால் நம் வழியினர் போலும், 41 வயதினர், தொழிலற்றவர், நீரிழிவும் இருதய நோயும் உடையவர். கையிற் பொருளிருந்த அளவும் தனியாரிடம் சிகிச்சை பெற்றார். பொருள் தீர்ந்ததும் அரசாங்க வைத்தியசாலையை நாடினார். அங்கே வேண்டுவோருள் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பதின்மருக்கே யந்திரம் போதியது. மாற்றுச் சிகிச்சைக்குத் தக்க உடல்நிலை உடையாரையே சேர்ப்பது என்பது விதி. இருதய நோய் உண்மையால் இவரை விலக்கினர். வழக்கு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. 1997ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி நீதிபதிகள் அவ்விதி நேர்மையானதே என்று தீர்த்தனர். சில நாட்களில் அவர் இறந்தார். இவரது தொழிலின்மையை அவ்விதி நிறுக்கவில்லை, இருதயத்தையே பார்த்தது. ஆதலின் சியாற்றில் முறையினும் இது மேலானது என்றே சொல்வோம். எனினும் அதற்கு முன்னே வேறொரு துலாக்கோல் இவரை நிறுத்துவிட்டதன்றோ? பணப்பை என்னும் அத்துலாக்கோலுக்குக் கூட்டம் வேண்டாம், விவாதம் வேண்டாம், வெட்கமும் வேண்டாம். சென்னையிலே தம் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை, அவருள் நூற்றுக்கு 96 பேர் கடனடைக்கவே விற்றனர் என்றும், விற்றபின் அவர் வருமானம் குறைந்தே போயிற்று என்றும் காட்டியது. அத்துலாக்கோலின் மறுதட்டில் இருப்பவர் இவர்களே.

நம் இலங்கையில் வடமத்திய மாகாணத்திலே 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் உழவர் பலர் காரணம் இன்னதென்று உறுதியாகத் துணியப்படாத சிறுநீரக நோயால் வருந்துகின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளிற் குருதிச் சுத்திகரிப்பு விலையின்றி அளிக்கப்படுகின்றது. 2021இல் பொலன்னறுவையிலே இந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலையும் திறக்கப்பட்டது. இவை போற்றற்குரியன. ஆயினும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தியசாலைக்குப் போய் வருபவனுக்கு வயலும் போம், கூலியும் போம். அவன் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றனர்.

எம் அனுபவம் ஒன்றைக் கூறல் இங்கே பொருந்தும். யாம் முன்னர்ப் படிப்பித்த ஒரு பாடசாலையிலே ஓர் அன்பர், ஏழைப் பிள்ளைகள் ஐவருக்குக் கொப்பி, சப்பாத்து முதலியன வாங்கக் கொடுத்தார். வறியவர் பன்னிருவர் இருந்தனர். உபாத்தியாயர் நால்வர் கூடி ஒரு பட்டியல் இட்டோம். ஒழுங்கான வரவு, அடக்கம், சுத்தம், பரீட்சைப் புள்ளி என நிரல் வகுத்துப் புள்ளியிட்டோம். எமக்கு அது மிக நீதியாகத் தோன்றியது. ஒரு பையன் பட்டியலின் அடியில் நின்றான். செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டான். வந்தாலும் பிந்தி வருவான். கேட்டாற் பதில் சொல்லான். அவனை விடுதல் பற்றி எம்முள் விவாதமே நிகழவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அவன் தந்தையாரைக் குருதிச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்பவன் அவனே என்பதைப் பின்னரே அறிந்தோம். வெட்கத்தாற் பதில் சொல்லாதிருந்தான். அடுத்த தவணை அவ்வன்பர் மீண்டும் அதே தொகையைத் தந்தபோது, பட்டியலிடாது பன்னிரு பங்காக்கினோம். ஒருவருக்கும் சப்பாத்து வாங்கப் போதவில்லை, கொப்பிகள் மாத்திரம் வாங்கினோம். பதினொரு பிள்ளைகள் வந்து பெற்றுக்கொண்டார்கள். அவன் அதற்கு முன்னரே பாடசாலையை விட்டு நின்றுவிட்டான்.